அடி தெரியாத ஜாடி

அந்த டிசம்பர் முழுவதும் நான் பயந்துகொண்டே படுத்திருந்தேன். நோய் ஒன்றும் இல்லை, பிள்ளைத்தாச்சி. மைசூர் மண்டி மொஹல்லாவில் கடைகளுக்குப் பின்னால் போகும் சந்தில், டாக்டர் நரசிம்மமூர்த்தி தன் தாயார் பெயரில் நடத்திவந்த அம்புஜவல்லி பிரசவ விடுதியில் ஜன்னலோரக் கட்டிலை எனக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே தலைமை நர்ஸ் என் அக்கா மெட்டில்டா. டாக்டர் காலையில் ஒரு தரம் வந்து எட்டிப் பார்ப்பார், சிக்கலான பிரசவம் என்றால் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். மற்றபடி அந்த விடுதியில் அக்கா வைத்ததுதான் சட்டம்.

எனக்கு அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. என் கணவர் எலியேசர் குண்டலுபேட்டையில் பள்ளிக்கூட வாத்தியார், அதனால் இரண்டு பிரசவமும் அந்த ஊர் மருத்துவச்சி கையில்தான் நடந்தன. முதல் பிள்ளை அழவே இல்லை. இரண்டாவது அழுதது, பால் குடித்தது, என் விரலைப் பிடித்துக்கொண்டது, பிறகு ஜன்னி கண்டு போய்விட்டது. பஸ் பிடித்து ஓடிவந்த அக்கா அந்த மருத்துவச்சியின் நகக்கண்ணைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையா இது, சாணி வரட்டியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். மூன்றாவது உண்டானதும் மைசூரிலிருந்து ஆள் விட்டுச் சொன்னாள்: "இந்தத் தடவை என் கையத் தவிர வேற எவ கையும் உன் மேல படக் கூடாது."

அதனால் மாதம் நெருங்குவதற்கு முன்னாலேயே என்னை அழைத்துவந்து கட்டிலில் போட்டுவிட்டாள். அக்காவை எதிர்த்து எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி என் கல்யாணத்தை நடத்தியவள். எனக்கு அவள்மேல் உயிர். அவள் வாய்மேல்தான் கொஞ்சம் கோபம்.

அக்காவுக்குச் சுத்தம் ஒரு வெறி. கட்டில் காலைக்கூட வாரம் ஒரு தரம் தேய்க்கச் சொல்லுவாள். வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் பழுப்புக் கண்ணாடியில் பெரிய ஜாடி, தக்கை மூடி. அதில் சோப்பு கரைத்த தண்ணீர் இருக்கும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும், மண்டி வியாபாரியோ மகாராஜா வீட்டுச் சமையற்காரரோ, அந்த ஜாடியைச் சாய்த்துக் கையில் விட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவாமல் அடுத்த அடி வைக்க முடியாது. முன்பெல்லாம் அதில் கார்பாலிக் மருந்து இருந்தது. மூக்கைத் துளைக்கும், கை எரியும். நர்ஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் தோல் வெடித்துப் போகிறது என்று அந்த வருஷம் தசராவுக்கு முன்னால் பெங்களூர் வியாபாரி ஒருவரிடம் புது சோப்பு வாங்கினார்கள். தகர டப்பாவில் மெழுகு மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு கரண்டி எடுத்து வெந்நீரில் கரைத்தால் லாவெண்டர் வாசனையோடு ஒரு ஜாடி நிறையும்.

இங்கே எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு எந்தப் பாத்திரத்துக்கும் அடி தெரியக் கூடாது. உப்பு ஜாடி, அரிசிப் பானை, எண்ணெய்த் தூக்கு எதுவானாலும் கால்வாசிக்குக் கீழே இறங்குமுன் மேலே போட்டு நிரப்பிவிடுவாள். "தீர்ந்துபோச்சு" என்ற வார்த்தையை வீட்டுக்குள் சொன்னால் வாயிலேயே ஒன்று போடுவாள். மூன்று தலைமுறையாகக் கோயிலை விட்டு சர்ச்சுக்குப் போகிறோம், பூவும் பொட்டும் போய்விட்டது, இந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. அக்கா இதை அப்படியே பிரசவ விடுதிக்குக் கொண்டுவந்துவிட்டாள். பினாயில் புட்டி, ஸ்பிரிட் புட்டி, அந்தச் சோப்பு ஜாடி எல்லாமே எப்போதும் கழுத்துவரை நிறைந்திருக்கும். தினமும் காலையில் ஆயா ஜயம்மா புதிதாகக் கரைத்துக் கொண்டுவருவாள், அக்கா பழையதன்மேல் அதை ஊற்றுவாள், தக்கையை அழுத்தி மூடுவாள். சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு முகம் அப்போது.

என் பக்கத்துக் கட்டிலில் பூவாத்தாள் இருந்தாள். கொள்ளேகாலத்துக்காரி. அவள் புருஷன் கந்தசாமி பட்டுக்கூடு வாங்கி விற்கிறவன், மைசூருக்கும் ஊருக்குமாக அலைகிறவன். சின்னப் பெண், முதல் பிரசவம். நான் அங்கே போன மறுநாள் அவளுக்குப் பையன் பிறந்தான். நல்ல கனம், நல்ல குரல். அக்காதான் பிரசவம் பார்த்தாள். பூவாத்தாள் அக்காவை ஒரு தேவதையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு காலையில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சரம்மா, என்ற பையன் மேல பழ வாசம் அடிக்குதுங்களே, உங்களுக்கு அடிக்குதுங்களா?"

வாத்தியார் பெண்டாட்டி என்பதால் அவளுக்கு நானும் டீச்சர். எழுந்து போய்க் குனிந்து முகர்ந்தேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது எனக்கு மூக்கு நாய் மூக்காகிவிடும். அடுத்த தெருவில் கடுகு தாளித்தால் எனக்குக் குமட்டும். பிள்ளை மேல் உண்மையாகவே இனிப்பாக ஒரு வாசனை வந்தது. பெங்களூர்த் திராட்சை கூடையின் அடியில் நசுங்கிக் கிடந்தால் வருமே, அது மாதிரி.

"ஆமா, அடிக்குது" என்றேன்.

"பொறந்தப்பவே மணக்குறான் பாருங்க" என்று அவள் பூரித்துப் போனாள்.

அன்று மாலையே தொப்புள் கட்டு நனைந்தது. ஜயம்மா அவிழ்த்த துணியில் பச்சையும் நீலமுமாக ஒரு கறை. மறுநாள் பிள்ளை பால் குடிக்கவில்லை, உடம்பு கொதித்தது, பிறகு அதுவும் இல்லாமல் சில்லிட்டுப் போனது. டாக்டர் ஊசி போட்டார். அக்கா இமை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை போய்விட்டது.

பூவாத்தாள் போட்ட சத்தத்தில் நான் என் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன். எனக்கு அவள்மேல் இரக்கம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இரக்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் பிள்ளையும் இதே அறையில்தான் பிறக்கப் போகிறது என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

அதற்கு முந்தின வாரம், நான் வருவதற்கு முன்னாலேயே, இன்னொரு பிள்ளையும் இதே மாதிரி போயிருக்கிறது என்று ஜயம்மா என் காதில் போட்டாள். "குறைமாசம்னு சிஸ்டரம்மா சொன்னாங்க. ஆனா துணி மாத்திரம் இதே கலர்தான் தாயி" என்றாள். இரண்டு நாள் கழித்து மூலைக் கட்டிலில் இருந்த பெண்ணின் பிள்ளைக்கும் கண்ணில் அதே பச்சைப் பீளை கட்டியது. அந்தப் பெண்ணின் வீட்டார் ஒரு வார்த்தை பேசாமல் ஜட்கா கொண்டுவந்து தாயையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அக்கா ஆடிப்போனாள். அவள் பயந்தால் வேலை செய்வாள். அறையை வெள்ளையடித்தாள். கத்தரிக்கோலையும் நூலையும் இரண்டு மடங்கு நேரம் கொதிக்க வைத்தாள். தரையைப் பினாயிலால் குளிப்பாட்டினாள். முக்கியமாகக் கை கழுவுகிற சட்டத்தை இறுக்கினாள். இதுவரை வரும்போது கழுவினால் போதும், இனிமேல் ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போதெல்லாம் கழுவ வேண்டும். கட்டில் சட்டம், பிள்ளை குளிப்பாட்டும் பேசின், தாய்மாரின் மார்பு எல்லாவற்றையும் ஜாடிச் சோப்பால் துடைக்கச் சொன்னாள். ஜாடி வேகமாக இறங்கியது, அக்கா வேகமாக நிரப்பினாள். அவள் கைத்தோல் உரிந்து விரல் இடுக்கில் ரத்தம் கசிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பூவாத்தாள் வீட்டுக்குப் போகவில்லை. அவளுக்கும் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. கந்தசாமி பட்டுக்கூட்டுச் சரக்கை விற்று முடித்துவிட்டு வந்து அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தான். காலி மடியும் பால் கட்டிய மாருமாக அவள் என் வயிற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அந்தப் பார்வைக்கும் நான் பயந்தேன். என்ன பிறவி நான் என்று என்மேல் எரிச்சலும் வந்தது.

எனக்கும் தினமும் ஜாடிச் சோப்பால் அடிவயிறு துடைக்கும் வைபவம் உண்டு. ஒரு காலை ஜயம்மா என் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, "நீங்களே தேச்சுக்கோங்க தாயி" என்றாள். தேய்க்கப் போனவள் நிறுத்தினேன். லாவெண்டர் வாசனைக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. கையை மூக்கருகே கொண்டுபோனேன். மறுபடியும் முகர்ந்தேன். நசுங்கின திராட்சை.

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தேன், சேலையிலும் அது வந்தது. கை, சேலை, கட்டில், அக்கா தொடும் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது என்று நினைத்தபோது எங்கே கையை வைப்பது என்றே தெரியவில்லை. கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டே, "அக்காவைக் கூப்பிடு, பேக, சீக்கிரம் கூப்பிடு!" என்று கத்தினேன்.

அக்கா ஓடிவந்தாள். "வலி எடுத்திருச்சா?"

"இல்ல. இத மோந்து பாரு."

முகர்ந்தாள். "சோப்பு வாசனை. அதுக்கென்ன?"

"பூவாத்தா பையன் மேல இந்த வாசனைதான் வந்துச்சு."

"வராம? அவன நான் இதுலதானே குளிப்பாட்டினேன்."

"அக்கா, டப்பாவுல இருக்கற சோப்ப நான் மோந்திருக்கேன். அதுல இது இல்ல. ஜாடியிலதான் இருக்கு. ஜாடிக்குள்ள என்னமோ கெட்டுப்போயிருக்கு."

அக்கா சிரித்துவிட்டாள். அந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான். "சோப்பு கெடுமாடி? கெட்டத எடுக்கறதுக்குத்தானே சோப்பு? அதுவும் தினம் புதுசு ஊத்தறேன். தினம் புதுசு சேர்ற ஒண்ணு எப்படிப் பழசாகும், நீயே சொல்லு?"

"பழசு எப்பவாவது தீர்ந்திருக்கா?"

அவள் முகம் மாறியது. "தீர்ந்துபோறதுன்னு சொல்லாதே. வயித்துப்பிள்ளையோட இருக்கே."

"அந்த ஜாடிய நீ என்னிக்காவது காலி பண்ணிக் கழுவியிருக்கியா? அத மட்டும் சொல்லு."

"சும்னிரு விக்டோரியா, வாய மூடு. ரெண்டு பிள்ளைய விட்டவ, பயம் இருக்கும். அதுக்காக என் வேலைய எனக்குச் சொல்லித்தராதே." சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். போகும்போது வாசலில் நின்று, பழக்கத்தில் ஜாடியைச் சாய்த்துக் கை கழுவினாள்.

மறுநாள் டாக்டர் வந்தபோது அவரிடமும் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "எனக்கும் இதுக்கு வேற காரணம் புலப்படலை. ஒரு சின்னப் புட்டில கொஞ்சம் எடுத்துக் கொடுங்கோ சிஸ்டர், பெங்களூர்ல கிருமி பாக்கறவா இருக்கா, அனுப்பிப் பாக்கலாம். பதில் வர ஒரு வாரம் ஆகும்" என்றார். அதுவரை எதில் கை கழுவுவது என்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வாய் வந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன், அவமானத்தில் சிவந்திருந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்த ஒரு தரம் மூடியதற்கு நான் அடுத்த மூன்று நாளும் செத்துப் பிழைத்தேன்.

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். யாரையும் என்னைத் தொடவிடவில்லை. ஜயம்மாவிடம் கெஞ்சி, அவள் தன் குளியலுக்கு வைத்திருந்த சிவப்புச் சோப்புக் கட்டியில் பாதியை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டேன். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்கும்போதெல்லாம், "இரு, அங்கேயே இரு, இப்போ வராதே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எந்தத் தாயாவது இப்படி வேண்டியிருப்பாளா? பதில் வரும்வரை உள்ளேயே இருந்துவிடு என்று வேண்டினேன்.

அது கேட்கவில்லை. பதில் வருவதற்குள், ஒரு மத்தியானம், சாப்பிட்ட தட்டை ஜயம்மா எடுக்கும்போது பனிக்குடம் உடைந்தது. டாக்டர் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு கேஸ் பார்க்கப் போயிருந்தார். வலி மளமளவென்று ஏறியது. மூன்றாவது பிரசவம், தாமதிக்காது என்று எனக்கே தெரிந்தது. பிரசவ மேஜையில் என்னைப் படுக்க வைத்தார்கள். அக்கா ஏப்ரன் கட்டிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, கைகளை உயரத் தூக்கியபடி வந்தாள். முழங்கைவரை ஈரம். கிட்டே வர வர அந்த வாசனை வந்தது.

"தொடாதே" என்றேன்.

"முக்காதே, மெதுவா மூச்சு விடு."

"அந்தக் கையோட என்னைத் தொடாதே அக்கா!"

அக்கா அப்படியே நின்றாள். ஜயம்மா, "வலியில ஏதோ பேசறாங்க சிஸ்டரம்மா" என்றாள்.

"வலியில பேசல. புத்தியோடதான் பேசறேன். கிட்ட வந்தா ஒதைப்பேன்."

"விக்டோரியா, இது உன்னை வளர்த்த கை." அவள் குரல் நடுங்கியது. நான் அவள் குரல் நடுங்கி அதற்கு முன் கேட்டதில்லை. "உனக்குத் தலை வாரின கை. சோறு ஊட்டின கை. என்னையா தொடாதேங்கறே?"

அந்த நேரத்தில் என் மனசு உடைந்ததைச் சொல்ல வார்த்தை இல்லை. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் வயிற்றுப் பிள்ளை. நான் கால்களை ஒடுக்கிக்கொண்டேன். உள்ளே பிள்ளை முட்டுகிறது, நான் விடவில்லை. "போய் அந்த ஜாடியக் கவிழ்த்துட்டு வா. அடியப் பாத்துட்டு வா. ஒண்ணும் இல்லேன்னு உன் வாயால சொல்லு, அப்புறம் தொடு. நீ சொன்னா நான் நம்பறேன்."

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம்தான் இருந்தது. என்னிடம் நிரூபித்துவிட்டு வந்து, பிரசவம் முடிந்ததும் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். விறுவிறுவென்று வெளியே போனாள். தக்கையைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. முற்றத்து ஜலதாரையில் தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது, நின்றபின் எதுவோ தொப்பென்று கனமாக விழுந்தது.

ஜயம்மா ஓடிப் போனாள். "அய்யய்யோ! இதேனம்மா இது?" என்ற அவள் குரல்தான் எனக்குக் கேட்டது.

அக்கா திரும்பி வந்து வாசலில் நின்றாள். கையில் தக்கை. அதன் அடிப்பக்கம் பச்சையாக ஊறிப்போயிருந்தது. விரலில் ஏதோ தொங்கியது, முட்டையின் வெள்ளைக் கருவில் பச்சிலைச் சாற்றைக் கலந்த மாதிரி வழவழவென்று. அறை முழுக்கத் திராட்சை வாசனை. அக்கா தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் எதையோ எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. போன பிள்ளைகளைத்தான் எண்ணுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"அக்கா! நிக்கறத அப்புறம் நில்லு! என்னால அடக்க முடியல!"

அது அவளை உலுக்கியது. தக்கையை முற்றத்தில் எறிந்தாள். என் கட்டிலில் தலையணைக்கடியில் இருந்த சிவப்புக் கட்டியை எடுத்துவரச் சொல்லி வாங்கினாள், அவளுக்கு அது தெரியாது என்று நினைத்திருந்தேன், அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜயம்மாவை அடுப்பிலிருந்த வெந்நீரை ஊற்றச் சொல்லித் தேய்த்தாள். கொதிக்கிற தண்ணீர், வெடித்த கை. திரும்பத் திரும்பத் தேய்த்தாள். பிறகு புதுப் புட்டி உடைத்து ஸ்பிரிட்டைத் தோள்வரை விட்டுக்கொண்டாள். வெடிப்புக்குள் அது இறங்கியபோது அவள் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தவில்லை.

வந்து என் முன்னால் கையை நீட்டினாள். சிவந்து, ரத்தம் கசிந்து, ஸ்பிரிட் நெடி அடித்தது.

"மோந்து பாரு" என்றாள். "நீ சரின்னாத்தான் தொடுவேன்."

முகர்ந்தேன். "சரி" என்றேன்.

பெண் பிறந்தாள். பிறந்ததும் அழுதாள். தொப்புள்கொடியை அறுத்துக் கட்டினாள் அக்கா, கொதித்த துணியில் சுற்றி என் மார்மேல் வைத்தாள், வைத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றாள். அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தொடவில்லை. கொஞ்சவில்லை. எனக்கு அழுகை வந்தது, அவளுக்காகவா பிள்ளைக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பயம் அதோடு போய்விடவில்லை. விடுதியில் இருந்த துணியெல்லாம் அந்தச் சோப்பில் நனைந்தவை. அக்கா எல்லாவற்றையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தாள், கொதிக்க வைக்க முடியாததைக் கொளுத்தினாள். நான் நிமிஷத்துக்கு ஒரு தரம் கட்டை அவிழ்த்து மகளின் தொப்புளை முகர்ந்தேன். எலியேசர் சனிக்கிழமை பஸ்ஸில் வந்தவர், தன் பெண்டாட்டி பெற்ற பிள்ளையை நாய்க்குட்டி மாதிரி முகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து விழித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் குனிந்து முகர்ந்தார். பால் வாசனை மட்டும்தான். தொப்புள்கொடி காய்ந்து, கறுத்து, ஒரு காலையில் துணியோடு உதிர்ந்தது. அடியில் தோல் சுத்தமாக இருந்தது. அப்போதுதான் நான் முதல்முதலாகப் பிள்ளைக்குப் பெயர் யோசித்தேன்.

அன்றைக்கே பெங்களூரிலிருந்து பதிலும் வந்தது. டாக்டர் அதைப் படித்துவிட்டு என் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"சோப்புலதான் இருக்கு" என்றார். "டப்பால கட்டியா இருக்கறவரை அதுக்கு ஒண்ணும் ஆகாது சிஸ்டர். ஜலம் சேர்த்துட்டா அதுவும் வடிச்ச சாதம் மாதிரிதான், நாலு நாளைக்கு மேல தாங்காது. பழைய சாதத்து மேல தினம் புதுச் சாதத்தைப் போட்டா அடிச் சாதம் என்ன ஆகும்? கார்பாலிக் இருந்தப்போ அது கிருமியை வளரவிடலை. இதுல அது இல்லை. நானும்தான் யோசிக்கலை."

"எங்களுக்குப் படிக்கறப்பவே சொல்லித்தந்தாங்க டாக்டர். காலி பண்ணி, ஜாடியக் கொதிக்க வெச்சு, அப்புறம்தான் ஊத்தணும்னு. எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "தெரிஞ்சும் எனக்கு அடி தெரியவிட மனசு வரல."

டாக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது நமக்குள்ளயே இருக்கட்டும். வெளில போனா விடுதியை மூட வேண்டியதுதான். சொல்றதால அந்தக் குழந்தைகள் திரும்பி வரப்போறதா?" என்றார். பக்கத்துக் கட்டிலை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுந்து போனார். பூவாத்தாள் அப்போது முற்றத்தில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை கந்தசாமி வந்தான். பூவாத்தாளுக்குக் காய்ச்சல் நின்றிருந்தது. துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். மகளைப் பார்த்தாள், தொடவில்லை.

"நல்லா இருக்கட்டுமுங்க டீச்சரம்மா" என்றாள். அவள் கண்ணில் பொறாமை ஒரு துளி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். என் பிள்ளை இருக்கிறது, அவள் பிள்ளை இல்லை. நடுவில் இருந்த வித்தியாசம் என் மூக்கு மட்டும்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அக்கா உள்ளே வந்தாள். பூவாத்தாள் போய் அவள் முன்னால் நின்று, சட்டென்று அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தோல் உரிந்து கட்டுப் போட்ட கைகள்.

"எங்கூர்ல பெத்திருந்தா எவளாச்சும் அழுக்குக் கையில தொட்டிருப்பாளுங்க. நீங்க என்ற பையனுக்காக எத்தன தடவ கழுவுனீங்கன்னு நான் படுத்துட்டே பாத்துட்டுத்தான் இருந்தனுங்க. கை இப்புடிப் புண்ணாகுற மட்டும் கழுவுனீங்க. பெத்தவகூட அப்புடிப் பாக்க மாட்டாளுங்க." அந்தக் கைகளைத் தூக்கித் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "அடுத்ததுக்கும் இந்தக் கைக்குத்தானுங்க வருவேன்."

நான் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன். அக்கா சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். சொன்னால் கந்தசாமி என்ன செய்வான், ஊர் என்ன செய்யும், அவளுக்கு இந்த வேலையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சொல்லாமல் அனுப்பிவிடுவாளோ என்றும் பயந்தேன். அப்படி அனுப்பினால் இந்தப் பெண் அடுத்த பிள்ளைக்கும் நன்றியோடு வந்து நிற்பாள், அக்கா அதை வாங்கிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டும்.

அக்கா கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். கந்தசாமியையும் உள்ளே கூப்பிட்டாள். காலியாயிருந்த கட்டிலைக் காட்டினாள்.

"உக்காரு பூவாத்தா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அடுத்த பிரசவத்துக்கு ஏதோ புத்திமதி சொல்லப் போகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, பூவாத்தாள் மூட்டையைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு வார்த்தையும் தவறவிடக் கூடாது என்பதுபோல் அக்காவின் முகத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.